தேய்ந்த செயின், பழைய லோடர்: திருப்புவதா, மாற்றுவதா, ஓட்டித் தீர்ப்பதா?

டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடி, முன்பக்கெட்டால் மண்ணை அள்ளும் பழைய செயின் லோடர் வைத்திருக்கும் எவருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். கிரீஸ் ஏற்றி ஏற்றி, செயினை இறுக்கி வைக்கும் அட்ஜஸ்டர் தன் கடைசி எல்லையைத் தொட்டிருக்கும். செயினை இழுத்து ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கூம்பிப் போய்க் கத்திமுனை போல நிற்கும். பின்னோக்கி மேட்டில் ஏறும்போது செயின் பல்லின்மேல் ஏறி ‘டக்’கென்று விழும் சத்தம் கேட்கும். இன்ஜின் குறையில்லாமல் ஓடுகிறது, பக்கெட்டும் பூமும் உழைக்கின்றன, ஆனால் அடியில் இருக்கும் இரும்பு முடிந்துகொண்டிருக்கிறது. அப்போது உரிமையாளர் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. செயினின் மூட்டுகளைக் கோக்கும் தண்டான பின்னையும், அதைச் சூழ்ந்த குழாயான புஷ்ஷையும் திருப்பிப் போட்டு இன்னொரு சுற்று ஓட்டலாம். செயினும் அதைத் தாங்கி ஓட்டும் சக்கரங்களும் சேர்ந்த அண்டர்கேரேஜ் முழுவதையும் புதிதாக மாற்றலாம். பாதி தேய்ந்த பழைய செட் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பொருத்தலாம். அல்லது எதையும் தொடாமல், இருப்பதை ஓட்டித் தீர்த்துவிட்டு வண்டியையே மாற்றிவிடலாம்.

நான் மனத்தில் வைத்திருப்பது ஏறத்தாழ 14 முதல் 16 டன் எடையும், 110 முதல் 130 குதிரைத்திறன் கொண்ட டீசல் இன்ஜினும், ஒன்றரை கன மீட்டருக்கு மேல் கொள்ளும் பக்கெட்டும் உடைய நடுத்தர வண்டி. கேட்டர்பில்லரின் 955 வரிசை இதற்கு நல்ல உதாரணம். செயின் டிராக்டர்களில் பொருத்தும் லோடர்களைச் செய்துகொண்டிருந்த டிராக்சன் நிறுவனத்தை 1951-இல் அந்நிறுவனம் வாங்கிக்கொண்டது; 955 வெளிவந்தது 1955-இல். அந்த வரிசையின் கடைசி வண்டிகளில் இன்ஜின் முன்னால் இருக்கும், டார்க் கன்வெர்ட்டரோடு பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் இருக்கும், திருப்புவதற்கு ஸ்டீயரிங் கிளட்சும் பிரேக்கும் இருக்கும். 1980-களின் தொடக்கத்தில் வந்த 953 போன்ற வண்டிகளில் இன்ஜின் பின்னால் போய்விட்டது, கிளட்சுக்குப் பதில், எண்ணெய் அழுத்தத்தால் வண்டியை ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் பம்பும் மோட்டாரும் வந்துவிட்டன. அண்டர்கேரேஜைப் பொறுத்தவரை கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான்; பதில் எங்கே வேறுபடுகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

செயின் வண்டி ஒன்றின் மொத்தப் பராமரிப்புச் செலவில் ஏறக்குறையப் பாதி அண்டர்கேரேஜுக்கே போகிறது என்பது தொழிலில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு. லோடரில் அது டோசரைவிடக் கடுமையாகவே இருக்கும், அதற்குக் காரணம் வேலையின் தன்மை. டோசர் மண்ணைத் தள்ளிக்கொண்டு நெடுந்தூரம் முன்னால் போகிறது. லோடரோ குவியலில் குத்துகிறது, நிறைந்த பக்கெட்டோடு பின்வாங்குகிறது, திரும்புகிறது, லாரியை நோக்கிப் போகிறது, கொட்டுகிறது, மறுபடியும் பின்வாங்குகிறது. அதன் ஓட்டத்தில் ஏறத்தாழப் பாதி பின்னோக்கியதுதான். ஸ்ப்ராக்கெட் பின்பக்கம் இருக்கும் வண்டி முன்னால் போகும்போது, ஸ்ப்ராக்கெட்டிலிருந்து தரையில் பதிந்திருக்கும் இடம் வரையுள்ள சிறு துண்டில்தான் செயின் இறுகி நிற்கிறது, மேலே ஓடும் பகுதியான மேலோட்டம் தளர்ந்து கிடக்கிறது. பின்னால் போகும்போது மேலோட்டம் முழுவதும், முன்னால் செயினைத் திருப்பிவிடும் சக்கரமான ஐட்லரைச் சுற்றித் தரை வரைக்கும், இழுவிசையின் கீழ் வந்துவிடுகிறது. அதோடு, முன்னோக்கிய ஓட்டத்தில் புஷ் பல்லில் அமர்ந்தபடி இருக்கப் பின் மட்டும் உள்ளே திரும்புகிறது. பின்னோக்கிய ஓட்டத்தில் புஷ்ஷே அழுத்தத்தோடு பல்லின்மேல் அரைந்து திரும்புகிறது. புஷ்ஷின் ஒரு பக்கம் மட்டும் பள்ளமாகிப்போவது இதனால்தான். அந்த மறுபக்கம் தேயாமல் மிஞ்சியிருப்பதே ‘திருப்பிப் போடுவது’ என்ற வழி பிறந்ததற்கும் காரணம்.

எந்த வழியையும் யோசிப்பதற்கு முன்னால் அளந்து பார்க்க வேண்டும். ‘செயின் நீண்டுவிட்டது’ என்று நாம் சொல்கிறோம், ஆனால் இரும்பு எங்கும் நீள்வதில்லை. பின்னின் வெளிப்புறமும் புஷ்ஷின் உட்புறமும் தேய்ந்து, ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் இடம் விழுகிறது. ஸ்ப்ராக்கெட் பல்லுக்கும் செயினுக்கும் இடையில் ஒரு பழைய பின்னைச் செருகி, வண்டியை மெதுவாகப் பின்னால் நகர்த்தினால் மேலோட்டம் விறைத்து நிற்கும். அந்த நிலையில் வண்டியை அணைத்து, பிரேக்கைப் பூட்டிவிட்டு, செயினைக் கழற்றிப் பூட்டும் கண்ணியான மாஸ்டர் லிங்க்கை ஒதுக்கி, ஒரு பின்னின் ஓரத்திலிருந்து ஐந்தாவது பின்னின் அதே ஓரம் வரை டேப்பை இழுக்க வேண்டும். பிட்ச், அதாவது மூட்டுக்கும் மூட்டுக்கும் உள்ள தூரம், 203 மி.மீ. உள்ள செயினில் இந்த நான்கு மூட்டுத் தூரம் புதிதில் 813 மி.மீ. அளவுக்கு இருக்கும். இப்போது 825 வருகிறது என்றால் மூட்டு ஒன்றுக்கு 3 மி.மீ. போயிருக்கிறது என்று பொருள். 38 மூட்டு உள்ள செயினில் மொத்தம் 114 மி.மீ.; அட்ஜஸ்டர் தள்ளித் தள்ளி ஈடுகட்டிக்கொண்டிருந்தது இந்த நீளத்தைத்தான்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் வரும் ஆசை ஒன்று உண்டு: ஒரு லிங்க்கைக் கழற்றி எடுத்துவிட்டால் செயின் மறுபடியும் இறுகிவிடுமே! நானும் ஒருமுறை அதைச் செய்திருக்கிறேன். தொய்வு சரியாயிற்று, சத்தமும் இரண்டு வாரத்துக்குக் குறைந்தது. ஆனால் மூட்டுக்கும் மூட்டுக்கும் இடையே உள்ள தூரம் மாறவில்லை, 206 மி.மீ.க்கு நீண்டுவிட்ட செயின், 203-க்கு வெட்டப்பட்ட பல்லில் எப்படி உட்காரும்? அந்தப் பருவம் முடிவதற்குள் ஸ்ப்ராக்கெட் பற்களின் முனை உருகிய மெழுகு போலச் சாய்ந்துவிட்டது. லிங்க்கைக் கழற்றுவது, செயினை எப்படியும் குப்பையில் போடப்போகிறோம் என்று முடிவு செய்தவர் கடைசிச் சில மாதங்களுக்குச் செய்துகொள்ளும் ஏற்பாடு. அதைப் பழுதுபார்ப்பு என்று கணக்கில் எழுதக் கூடாது.

டேப்பைவிட முக்கியமான அளவு ஒன்று இருக்கிறது, அதைப் பலர் எடுப்பதே இல்லை. லிங்க்கின் ரெயில் உயரம் அது: தரையில் பதியும் தகடான ட்ராக் ஷூவின் முகத்திலிருந்து, வண்டியின் எடையைத் தாங்கும் ரோலர் ஓடும் விளிம்பு வரை ஆழமானியால் அளக்க வேண்டும். பின்னையும் புஷ்ஷையும் திருப்பலாம், ஸ்ப்ராக்கெட்டை மாற்றலாம், ரோலரை மாற்றலாம்; தேய்ந்துபோன ரெயிலை மட்டும் திருப்ப முடியாது. அளவுகோல் கையில் இல்லாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியும் சாட்சி ஒன்று உண்டு. மண்ணைச் சுரண்டிவிட்டு, லிங்க்கில் பின் நுழையும் இடத்தின் புடைப்பைப் பாருங்கள். அதன் மேல்பக்கம் புதுக் காசு போலப் பளபளத்தால், ரெயிலும் ரோலரின் ஓடுபாதையும் அவ்வளவு தேய்ந்து, ரோலரின் விளிம்பு அந்தப் புடைப்பில் உரசத் தொடங்கிவிட்டது. அப்படிப் பளபளப்புத் தெரியும் செயினைத் திருப்பிப் போட யார் சொன்னாலும் நான் சம்மதிக்க மாட்டேன்.

புஷ்ஷின் வெளித்தேய்மானத்திலும் ஒரு வஞ்சகம் உண்டு. புஷ் மேல்தோலில் மட்டும் கடினமாக்கப்பட்டது, உள்ளே மென்மையான எஃகு. மேல்தோல் இருக்கும்வரை தேய்மானம் நிதானமாக நடக்கும். அது அறுந்ததும் மிச்சம் வெகு வேகமாகப் போய்விடும், சில புஷ்கள் வெடித்தும் விடும். ஆகவே ‘இன்னும் கால்பங்கு இருக்கிறது, அடுத்த பருவம் வரை பார்த்துக்கொள்ளலாம்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. திருப்புவதாக இருந்தால் மேல்தோல் இருக்கும்போதே திருப்ப வேண்டும். வெடித்த புஷ்ஷைத் திருப்பிப் போடுவதில் பொருளில்லை.

இனி முதல் வழியை எடுத்துக்கொள்வோம். திருப்புவதென்றால் செயினைக் கழற்றி, ஷூக்களை அவிழ்த்து, டிராக் பிரஸ்ஸில் வைத்து ஒவ்வொரு பின்னையும் புஷ்ஷையும் வெளியே தள்ளி, 180 பாகை சுற்றி மறுபடியும் அழுத்திப் பொருத்துவது. சீல் மட்டும் உள்ள பழைய பாணிச் செயினில் இதன் பலன் இரட்டை. வெளியே புஷ்ஷின் தேயாத முகம் பல்லுக்கு வருகிறது. உள்ளே பின்னின் தேயாத பக்கம் புஷ்ஷின் தேயாத பக்கத்தோடு சேர்வதால் நீண்டுபோன பிட்ச்சும் ஏறக்குறையப் பழைய அளவுக்குத் திரும்புகிறது. மூட்டுக்குள் எண்ணெய் அடைத்த வகைச் செயினில் நிலைமை வேறு. எண்ணெய் நிற்கும்வரை உட்புறம் தேய்வதே இல்லை, பிட்ச்சும் மாறுவதில்லை. அங்கே திருப்புவது வெளிமுகத்துக்காக மட்டுமே. திருப்பும்போது சீல்களைப் புதிதாக்கி எண்ணெயை மறுபடியும் நிரப்பினால்தான் அது எண்ணெய்ச் செயினாகவே தொடரும், இல்லையென்றால் விலை உயர்ந்த உலர் செயினாகிவிடும். ஒன்றிரண்டு மூட்டுகள் வறண்டிருக்கின்றனவா என்று அறிய எளிய வழி இருக்கிறது. ஒரு மணி நேரம் வேலை செய்துவிட்டு வந்து நிறுத்தியதும், வெப்பமானித் துப்பாக்கியால் பின் முனைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால், எண்ணெய் இழந்த மூட்டு மற்றவற்றைவிடத் தெளிவாகச் சூடாக இருக்கும். கையால் தொட்டுப் பார்க்கும் பழைய வழக்கத்தில் விரல் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு.

திருப்புவதோடு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிட்ச் சரியான செயினைத் தேய்ந்த பல்லில் ஓடவிட்டால், திருப்பியதன் பலனில் பெரும்பகுதியைப் பல்லே தின்றுவிடும். துண்டு துண்டாக போல்ட் போட்டு மாற்றும் ஸ்ப்ராக்கெட் என்றால் செயினைக் கழற்றியிருக்கும் நேரத்திலேயே அரை நாள் வேலை. பழைய வண்டிகள் சிலவற்றில் பல் வளையத்தை வெட்டி எடுத்துப் புதிய வளையத்தை வெல்டிங் செய்ய வேண்டியிருக்கும். அங்கே வளையம் கோணாமல் மையத்தில் உட்காரும்படி வெல்டிங் செய்யும் கை கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தே இந்த வழி திறக்கிறது அல்லது மூடுகிறது.

இரண்டாவது வழி, முழு செட்டையும் புதிதாக்குவது: இரண்டு பக்கச் செயின், ஸ்ப்ராக்கெட், கீழ் ரோலர்கள், மேல் ரோலர்கள், ஐட்லர்கள், தேவையானால் ஷூக்களும். இதைச் செய்கிறவர் முழுதாகச் செய்ய வேண்டும். இல்லையென்றால் கலவையின் விளைவை அனுபவிக்க வேண்டும். தேய்ந்த ரோலர்களுக்கு நடுவே ஒரே ஒரு புதிய ரோலரை வைத்தால், அது சற்று உயரமாக நிற்பதால் மற்றவை சுமக்க வேண்டிய எடையும் அதன் தலையிலேயே விழும். லோடரில் நிறைந்த பக்கெட்டின் பாரம் முன் ரோலர்களின்மேல் சாய்வதால் அவை முதலில் தேயும்; ஆகவே செட் பாதி ஆயுளில் இருக்கும்போது முன் ரோலர்களையும் நடு ரோலர்களையும் இடம் மாற்றிப் போடுவது செலவில்லாத நல்ல பழக்கம். இரட்டை விளிம்பு ரோலரும் ஒற்றை விளிம்பு ரோலரும் எந்த இடத்துக்கு எது என்பது வண்டிக்கு வண்டி விதிக்கப்பட்டிருக்கும், அந்த வரிசையை மட்டும் குலைக்கக் கூடாது.

இந்த இரண்டு வழிகளையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விலைச்சீட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது மணிக் கணக்கை. உதாரணத்துக்காக மட்டும் ஒரு கணக்குப் போடுவோம். முழு செட்டின் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம், அது உங்கள் மண்ணில் 4,000 மணி நேரம் உழைக்கும் என்று கொள்வோம். திருப்புவதும் ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்து 35 ஆகட்டும், அது 1,500 மணி நேரம் தாங்கட்டும். மணிக்கு 0.025 எதிர் 0.023, கிட்டத்தட்டச் சமம்தான். ஆனால் வண்டி ஆண்டுக்கு 400 மணி நேரம் ஓடுகிறது என்றால், புதிய செட்டின் முழுப் பலனைப் பெற 10 ஆண்டுகள் ஆகும். அந்தப் பழைய வண்டியின் கியர்பாக்ஸும், ஸ்ப்ராக்கெட்டைச் சுழற்றும் கடைசிக் கியர்த் தொகுதியான ஃபைனல் டிரைவும், ஸ்டீயரிங் கிளட்சும் 10 ஆண்டு தாங்குமா? 1,500 மணி நேரத்திலேயே அவற்றில் ஏதோ ஒன்று வண்டியை ஓரங்கட்டிவிடும் என்றால், அதே புதிய செட்டின் செலவு மணிக்கு 0.067 ஆகிவிடும், திருப்பியதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. வண்டியில் மிஞ்சியிருக்கும் ஆயுளுக்கு ஏற்ற ஆயுளைத்தான் அடியில் வாங்க வேண்டும். நூறு வாரம் ஓடக்கூடிய வண்டிக்கு நூறு மாதச் செயினைப் போட்டுவிட்டு, பிறகு அந்தச் செயினுக்காகவே வண்டியைப் பழுதுபார்த்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எனவே செயினுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் மேலே இருக்கும் இரும்பைச் சோதிக்க வேண்டும், அதில் முதல் இடம் ஃபைனல் டிரைவுக்கு. இரவு முழுதும் நின்ற வண்டியின் ஃபைனல் டிரைவ் வடிகால் திருகைக் காலையில் மெதுவாகத் தளர்த்தி, முதலில் வரும் கொஞ்சம் எண்ணெயை வெள்ளைத் துணியில் பிடியுங்கள். அடியில் தங்கியது எதுவோ அதுதான் முதலில் வரும். மெல்லிய சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். விரலில் தேய்த்தால் நெருடும் செதில் இருந்தால் பேரிங்கோ பல்லோ உதிர்கிறது. பால் போன்ற நிறம் என்றால் சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. ஸ்ப்ராக்கெட்டின் கழுத்தைச் சுற்றி ஈர மண் எப்போதும் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அங்கே ஒரு கம்பி சுற்றிக்கொண்டாலே சீல் கெட்டுவிடும், சீல் கெட்ட ஃபைனல் டிரைவ் மண்ணைக் குடித்துத் தன்னைத் தானே அரைத்துக்கொள்ளும். செயினைக் கழற்றி ஸ்ப்ராக்கெட்டை மாற்றும் நாளே அந்தச் சீலையும் மாற்ற உகந்த நாள். பிறகு அதற்காக மட்டும் மறுபடியும் கழற்றுவது இரட்டைக் கூலி.

ஸ்டீயரிங் கிளட்ச் உலர் வகையாக இருந்தால், அதன் அறைக்கு அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் வடிந்தால் நடு கியர் அறையின் சீல் ஒழுகுகிறது, தட்டுகள் வழுக்கத் தொடங்கியிருக்கும். மாதக் கணக்கில் நின்ற வண்டியில் இதற்கு நேர்மாறாகத் தட்டுகள் துருவால் ஒட்டிக்கொண்டு கிளட்ச் விடுபட மறுக்கும். அந்தக் காலத்து வண்டிகளின் பிரேக், கிளட்ச் லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், உள்ளே படிந்த தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பவர்ஷிஃப்டைப் பொறுத்தவரை, எண்ணெய் சூடேறிய பிறகு கியர் போட்டால் வண்டி எவ்வளவு நேரம் யோசித்துவிட்டு நகர்கிறது என்பதும், ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் அதில் என்ன சிக்கியிருக்கிறது என்பதும் பெரும்பாலும் போதுமான விடையைத் தந்துவிடும். இன்ஜினைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பழைய நான்கு சிலிண்டர் டீசலுக்குப் பாகமும் கிடைக்கும், கையும் கிடைக்கும். கூலன்ட்டில் லைனரைக் காக்கும் கலவை விடுபடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால், அது அண்டர்கேரேஜின் முடிவை மாற்றும் அளவுக்கு அரிதாகவே குறுக்கே வரும்.

ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில்தான் இந்தச் சோதனையின் விடை வேறாகிறது. அதில் ஒவ்வொரு பக்கச் செயினுக்கும் தனிப் பம்பும் மோட்டாரும் இருப்பதால், வண்டியைத் திருப்பும்போதும் இரண்டு செயினிலும் இழுவை இருக்கும், ஒரு பக்கத்தை அடியோடு நிறுத்தி மறுபக்கத்தால் இழுக்க வேண்டியதில்லை. ஓட்டுவதற்கு அது மிக இனிமையானது. ஆனால் பழைய கிளட்ச் வண்டி கெட்டுப்போவது தவணை முறையில்: முதலில் கொஞ்சம் வழுக்கும், பிறகு அதிகம் வழுக்கும், நமக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். ஹைட்ரோஸ்டாட்டிக்கில் ஒரு பம்ப் உதிர்ந்தால் அதன் துகள்கள் அதே எண்ணெயில் கலந்து மோட்டாரையும் கெடுத்துவிட்டுத்தான் ஓயும். ஆகவே எண்ணெய்ப் பரிசோதனை அறிக்கை கையில் இல்லாத பழைய ஹைட்ரோஸ்டாட்டிக் லோடருக்கு முழு செட் புதிய அண்டர்கேரேஜ் போடுவதை நான் சூதாட்டம் என்றே சொல்வேன். கிளட்ச் வண்டிக்கு அதே செலவைச் செய்ய அவ்வளவு தயங்க மாட்டேன்.

மூன்றாவது வழியான பழைய செட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பழுதாகி நிற்கும் அதே மாடல் வண்டியிலிருந்து செயின், ஸ்ப்ராக்கெட், ரோலர் எல்லாம் ஒரே குடும்பமாக வந்தால், அவை ஒன்றோடு ஒன்று பழகித் தேய்ந்தவை என்பதால் சேர்ந்தே ஒழுங்காக ஓடும். செயின் மட்டும் தனியாக வந்தால் அளக்காமல் தொடாதீர்கள். ஒரு பக்கம் 815, மறுபக்கம் 824 என்று வரும் ஜோடியைப் பொருத்தினால் தொய்வும் இழுவையும் இரண்டு பக்கமும் ஒருபோதும் ஒத்துப்போகாது. ஷூவின் அகலத்தையும் பார்க்க வேண்டும். டோசரிலிருந்து வந்த ஒற்றை முள் ஷூ (முள் என்பது ஷூவின் குறுக்கே நீளும் விளிம்பு) தரையை நன்றாகக் கவ்வும், ஆனால் லோடர் இடைவிடாமல் திரும்பும் வண்டி. அதற்கு இரட்டை அல்லது மூன்று முள் ஷூதான் பொருந்தும். சேற்றுக்காக அகல ஷூ போடுகிறவர்கள் அந்தக் கூடுதல் அகலம் ஒரு நெம்புகோல் என்பதை மறந்துவிடுகிறார்கள். கல்லின்மேல் ஓரம் ஏறும் ஒவ்வொரு முறையும் அது பின்னையும் போல்ட்டையும் முறுக்குகிறது. மூழ்காமல் மிதக்கப் போதுமான குறைந்த அகலமே சரியான அகலம்.

நான்காவது வழி, ஓட்டித் தீர்ப்பது. இதைச் சோம்பேறித்தனம் என்று பலர் எள்ளுகிறார்கள். ரெயில் உயரம் முடிந்துவிட்ட செயினுக்கு அதுவே கணக்கான முடிவு. அந்த நிலையில் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் மாற்றுவதோ, இரண்டு ரோலரை மட்டும் மாற்றுவதோ வீண். ஆனால் ஓட்டித் தீர்க்கவும் ஒரு எல்லை உண்டு. செயின் பல்லைத் தாண்டிக் குதிக்கத் தொடங்கினால் ஒவ்வொரு குதியலும் ஃபைனல் டிரைவின் பற்களில் சம்மட்டி அடியாக விழுகிறது. செயினைத் தீர்க்கப் போய் ஃபைனல் டிரைவைத் தீர்த்துவிடக் கூடாது. சாய்வான இடத்தில் தேய்ந்த செயின் ஐட்லரை விட்டு இறங்கினால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும், மீட்பதே தனி வேலையாகிவிடும். ஆகவே தீர்க்கும் செயினுக்குச் சமதளமும், குறுகிய தூரமும், இளகிய மண்ணும் உள்ள வேலையை மட்டும் கொடுக்க வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதன் ஆயுளை ஆபரேட்டர் இரண்டு மடங்காக்கவும் முடியும், பாதியாக்கவும் முடியும். தொய்வுதான் முதல் காரியம். மேல் ரோலருக்கும் ஐட்லருக்கும் இடையே நேர்க்கோல் வைத்துப் பார்த்தால் பல வண்டிகளுக்கு 40 முதல் 50 மி.மீ. தொய்வு இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே இறுதி. ‘கம்பி மாதிரி இறுக்கிவைத்தேன்’ என்று பெருமைப்படுகிறவர் தன் புஷ்களை நாளுக்கு நாள் அரைத்துக்கொண்டிருக்கிறார். சேற்றில் வேலை செய்யும்போது ஸ்ப்ராக்கெட் பல்லிடுக்கில் மண் அடைத்து அதன் சுற்றளவு பெருத்துவிடும், காலையில் சரியாக இருந்த செயின் பத்து மணிக்கே வீணைத் தந்தியாகிவிடும். அதனால் எந்தச் சேற்றில் ஓடுகிறதோ, அந்தச் சேறு அடைந்த நிலையிலேயே தொய்வை அளந்து வைக்க வேண்டும், மாலையில் மண்ணைச் சுரண்டிவிட வேண்டும். தொய்வைக் கூட்டக் கிரீஸை வெளியேற்றும்போது வால்வைக் கையேடு சொல்லும் அளவுக்கு மேல், பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு மேல், திறக்கக் கூடாது. முகத்தை அதற்கு நேராக வைக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் அழுத்தத்தில் பாயும் கிரீஸ் தோலைத் துளைக்கும்.

அடுத்தது பின்னோட்டத்தைக் குறைப்பது. லாரியைக் குவியலுக்கு நெருக்கமாக, சற்றுச் சாய்கோணத்தில் நிறுத்தினால் ஒரு சுற்றுக்கு நான்கைந்து மீட்டர் பின்னோட்டம் மிச்சமாகும். நாளுக்கு இருநூறு சுற்று என்றால் அதுவே ஒரு கிலோமீட்டரை நெருங்கும் தேய்மானம். பின்வாங்கும்போது உயர் கியரைத் தொடாமல் இருப்பதும், குவியலில் செயின் சுழன்று வழுக்கும் அளவுக்குத் திணிக்காமல் பக்கெட்டைச் சற்றே சுருட்டி ஏற்றுவதும், ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டிராமல் வாரத்துக்கு ஒருமுறை லாரி நிற்கும் பக்கத்தை மாற்றிக்கொள்வதும் அதே வகையைச் சேர்ந்தவை. நின்ற இடத்தில் ஒரு செயினைப் பூட்டிச் சக்கரம் போலச் சுழலும் வித்தையைப் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், உரிமையாளர் பார்த்தால் மட்டும் நன்றாக இருக்காது.

இத்தனையும் சொன்ன பிறகு என் தேர்வைக் கேட்டால், ரெயில் உயரம் பாதிக்கு மேல் இருந்து, ஃபைனல் டிரைவ் எண்ணெய் சுத்தமாக வந்தால், ஆண்டுக்குச் சில நூறு மணி நேரம் மட்டும் ஓடும் பழைய கிளட்ச் வண்டிக்கு ஸ்ப்ராக்கெட்டோடு சேர்த்துத் திருப்பிப் போடுவதையே முதலில் சொல்வேன். தினமும் முழு நேரம் ஓடி, மேலே எல்லாம் திடமாக இருக்கும் வண்டிக்கு முழு செட். புடைப்பில் பளபளப்புத் தெரிகிற வண்டிக்கு ஓட்டித் தீர்ப்பது, அதுவரை அதே மாடலின் பழைய செட் கண்ணில் பட்டால் யோசிப்பது.

செயினைக் கழற்றும் நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாஸ்டர் பின்னைச் சம்மட்டியால் அடித்து வெளியேற்றுவது இன்றும் நடக்கிறது. கடினமாக்கப்பட்ட எஃகின்மேல் எஃகு விழும்போது தெறிக்கும் சில்லு, துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் பறக்கும். பக்கத்தில் கைகட்டி வேடிக்கை பார்ப்பவரின் தொடையில் அது புதைந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எடுத்துச் செல்லக்கூடிய ஹைட்ராலிக் பின் பிரஸ்ஸை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், செயினின் தொய்வை முழுதாக விட்டுவிட்டு, மாஸ்டர் லிங்க் ஐட்லருக்கு முன்னால் வரும்படி வண்டியை நிறுத்துங்கள், பின் வெளியேறும்போது செயினின் மேல் நுனி சரிந்து விழும் பக்கத்தில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது ஷூ போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, கையேட்டு முறுக்குவிசைக்கு இறுக்கி, அது கேட்கும் கூடுதல் திருப்பத்தையும் கொடுத்துவிட்டு, முதல் சில நாள் வேலைக்குப் பிறகு மறுபடியும் ஒருமுறை ஒவ்வொன்றையும் சோதியுங்கள்; அந்த நாட்களில் தளரும் போல்ட்டுதான் பிறகு ஷூவின் துளையை முட்டை வடிவமாக்கும்.